கட்டில் எப்போது பறக்கும்?

எங்கள் கல்யாணத்தில் ஒரு சண்டை வரப் பார்த்தது. காரணம் கட்டில்.

வில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயிலில் தாலி கட்டு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. சீர் சாமான்களை வேனில் ஏற்றுவதற்காக மண்டபத்து வாசலில் எடுத்து வைத்திருந்தார்கள். பித்தளைக் குடம், குத்துவிளக்கு, பீரோ, கட்டில். மாப்பிள்ளையோடு ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கிற ஐந்தாறு பேர் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையும் கையுமாக அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தார். "ஏலே, இது பறக்குமாலே?" என்றார். இன்னொருவர், "நாலு காலும் நல்லாத்தான் இருக்கு. பறந்துரும், பறந்துரும்" என்றார். மறுபடி ஒரே சிரிப்பு.

என் அப்பா மரக்கடையில் வேலை பார்த்தவர். அந்தக் கட்டிலுக்கான வேங்கை மரத்தை அவரே பொறுக்கி எடுத்து, அறுவை நடக்கும்போது கூடவே நின்று, ஆசாரி வீட்டுக்கு நடையாய் நடந்து செய்து வாங்கியிருந்தார். மரம் பறக்கும் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: கனமில்லாத சொத்தை மரம். "நாலு ஆளு சேந்து தூக்கியாந்த கட்டிலுய்யா இது. பறக்கும்ங்கியளே, என்ன பேச்சு பேசுதீய?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றார். அவர்கள் விளக்கம் சொல்ல வாயெடுக்க, விளக்கமும் சிரிப்பாகவே வந்து தொலைக்க, அப்பாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அம்மாவின் முகம் வேறு காரணத்துக்காகச் சிவந்திருந்தது. கல்யாணத்தன்று கட்டிலைப் பார்த்து ஆண்பிள்ளைகள் சிரித்தால் பெண்களுக்கு வேறு என்ன தோன்றும்? கடைசியில் மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து, "மாமா, அது ஒரு கதை. இவங்க கதையில வர்ற கட்டிலச் சொல்லுதாங்க. நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க" என்றார்.

தாலி கட்டியபின் அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. அதற்குப் பிறகு வெகுநாளைக்கு அவ்வளவு நீளமாக அவர் எதுவும் பேசவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடித்தனம் வைத்தோம். மாமனாரும் மாமியாரும் சோழபுரத்தில் வயலை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நானும் அவரும் மட்டும். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னிடம் தமிழில் நன்றாகப் பேசுவார்கள், சுவாரஸ்யமான விஷயம் வந்தவுடன் தங்களுக்குள் தெலுங்குக்குப் போய்விடுவார்கள். நான் பாதிக் கதையோடு நிற்பேன்.

எங்கள் வீடு அப்படியில்லை. வில்லிபுத்தூரில் நாங்கள் எத்தனை பேர் இருந்தோமோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கேட்பதற்கென்று தனியாக ஆள் கிடையாது. அப்படி வளர்ந்தவளுக்கு வாய்த்தவர், காலையில் "வாரேன்", சாப்பிடும்போது "போதும்", படுக்கும்போது "விளக்க அமத்து" என்று மூன்று வசனத்தில் நாளை முடிக்கிறவராக இருந்தார். அதிலும் பாதியைக் கையாலேயே சொல்லிவிடுவார். ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசினாலும் கேட்காது. அங்கே எல்லாமே சைகைதான். அதை இவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்தால் சோறு போதும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் என்ன மிஷினா, சத்தம் போட்டுக்கிட்டா இருக்கேன்? வாயத் திறந்து கேட்டா என்ன?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம், "தண்ணி" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. மனிதர் குடிக்கிறவர் இல்லை, கைநீட்டுகிறவர் இல்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். ஊரில் யாரிடமும் போய், இவர் பேசமாட்டேன் என்கிறார் என்று புகார் சொன்னால், உனக்குக் கொழுப்பு என்பார்கள். ஆனால் எனக்கு ஒரு பேச்சுத்துணை வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதையும் "வாரேன்", "போதும்" என்பதில் ஓட்ட என்னால் முடியாது என்பது ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவராக பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "படிச்சுப் பாரு. சிரிப்பா வரும்" என்றார்.

கடையில் விற்கிற புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்தது. அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். எங்கள் வீட்டிலும் அண்ணன் வைத்திருந்தான். ஆனால் இவர் எனக்காக ஒன்றை எடுத்துக் கொடுத்தது பெரிய விஷயம். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலதான் அந்தக் கட்டில் வருதா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. சரி, இந்த மனிதர் வாயால் சொல்லாததையெல்லாம் இதில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று ஆசையாக ஆரம்பித்தேன்.

நான் என்ன மாதிரி வாசகி என்பதைச் சொல்லிவிட வேண்டும். வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பில் தொங்கும் மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவள் நான். முதல் பக்கத்தில் மழை பெய்யும், இரண்டாம் பக்கத்தில் பிணம் விழும். அடுப்பில் சோறு வெந்து வடிப்பதற்குள் குற்றவாளி யார் என்று எனக்குத் தெரிந்துவிடும், துப்பறிகிறவருக்குத்தான் தெரியாது.

இந்தத் தொடர்கதையில் ஒரு ராஜா. மகா சோம்பேறி. பக்கத்து நாட்டு ராஜா ஒரு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். போக ஆசை, எழுந்திருக்க மனசில்லை. படுத்தபடியே போகவேண்டும். அதற்காக ஒரு பறக்கும் கட்டில் செய்யச் சொல்கிறார். நாலு காலையும் தூக்கிக்கொண்டு பறக்க நாலு பூதங்களை ஏற்பாடு செய்கிறார்கள். நல்ல ஆரம்பம்தான். இதுவரைக்கும் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த அத்தியாயத்தில் பறந்துவிடும், போகிற வழியில் ஏதாவது விபரீதம் நடக்கும் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த அத்தியாயத்தில் தலையணைக்கு இலவம்பஞ்சா பருத்திப்பஞ்சா என்று மந்திரிசபை கூடியது. அதற்கடுத்த அத்தியாயத்திலும் அதே சபை. பருத்தி என்று முடிவானதும் பூதங்களுக்குள் தகராறு. ராஜாவின் தலைப்பக்கம் யார் தூக்குவது, கால்பக்கம் யார் தூக்குவது. ராஜா தூக்கத்தில் உதைப்பார் என்பதால் கால்பக்கம் வர யாரும் தயாரில்லை. ஒரு அத்தியாயத்துக்குச் சரிதான். ஆனால் கார்த்திகையில் ஆரம்பித்த அந்தத் தகராறு பொங்கல் விளம்பரம் வருகிறவரைக்கும் ஓடியது. ஒவ்வொரு வாரமும் முதல் பத்தியில் போன வாரம் நடந்ததை எழுத்தாளர் சொல்வார். போன வாரம் ஒன்றும் நடக்கவில்லை, அதையும் விஸ்தாரமாகச் சொல்வார். கடைசி பத்தியில் "கட்டிலின் கால் அசைந்தது!" என்று நிறுத்துவார். அடுத்த வாரம் பார்த்தால் எலி.

இந்த எழுத்தாளருக்கு ஆச்சரியக்குறியின் மேல் தனிப் பாசம். சிரிக்க வேண்டிய இடம் இது என்று கைபிடித்துக் கூட்டிப்போய் நிறுத்துவார். நான் நின்று பார்ப்பேன். ஒன்றும் வராது. ராஜாவுக்கு ஏப்பம் வருவதை முக்கால் பக்கம் எழுதியிருந்தார். பக்கத்து நாட்டில் விருந்து ஆறிப்போயிருக்குமே, அதைப் பற்றி இந்த ஆளுக்குக் கவலையே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாயாஜாலக் கதை என்று சொல்லிவிட்டு, மாயமும் இல்லை ஜாலமும் இல்லை. வளர்த்தி மட்டும் இருந்தது. இரண்டு நாளில் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்திலும் கட்டில் தரையில்தான் கிடந்தது. அதற்குக் கீழே "தொடரும்" என்று போட்டு அட்டை வந்துவிட்டது.

எனக்கு உண்டான ஏமாற்றம் சாதாரணமானது இல்லை. கதை மோசம் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். இது அவர் கொடுத்த கதை. சிரிப்பா வரும் என்று சொல்லிக் கொடுத்தது. இதற்குச் சிரிக்கிற ஆளும் நானும் ஒரு வீட்டில் எதைப் பேசிக்கொண்டு இருக்கப்போகிறோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பகல் ஷிப்ட் முடிந்து வந்து டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார். "எப்பிடி இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, எந்த இடத்தில் சிரித்தாய் என்று வரும். அதற்கும் ஒரு பொய். அப்படியே வளர்ந்து நானும் அந்த எழுத்தாளரைப் போல ஆகிவிடுவேன். "நல்லாவே இல்லீங்க. இழு இழுன்னு இழுக்காரு. கட்டில் எப்பத்தான் பறக்கும்?" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் கையிலிருந்து மிட்டாயைத் தட்டிவிட்டால் ஒரு நொடி அழாமல் பார்க்குமே, அப்படிப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து பீரோவில் வைத்துச் சாத்தினார். அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அந்த மூன்று வசனங்களும் குறைந்துபோயின. "வாரேன்" என்பதைக்கூடச் செருப்பு மாட்டுகிற சத்தத்தில் நானாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து அவரோடு வேலை பார்க்கிற ஒருவரை, கல்யாணத்தில் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தாரே அவரையே, பெண்டாட்டியோடு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். வந்தவர் உள்ளே நுழைந்ததும் கட்டிலைப் பார்த்துச் சிரித்தார். "அன்னைக்கு உங்க அப்பாட்ட அடி வாங்கப் பாத்தோம் தங்கச்சி" என்றார். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. மில்லில் போனஸ் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், "கட்டில் பறந்துருச்சா?" என்பார்களாம். யாருக்காவது பெண் பார்த்து இழுத்துக்கொண்டே போனால் அதற்கும் அதுதான். எந்த ஷிப்ட் என்றாலும் டீ டைமில் இதுதான் பேச்சு.

"எல்லாரும் படிச்சீங்களா அந்தக் கதைய?" என்று கேட்டேன்.

"நாங்க எங்க படிச்சோம்? எல்லாம் இவரு சொல்லுததுதான். வாராவாரம் இவரு படிச்சுட்டு வந்து டீ டைமுல சொல்லுவாரு. சிரிச்சுச் சிரிச்சு டீய மேல கொட்டிக்கிடுவோம். எங்களுக்குப் புத்தகம் எதுக்கு?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பேருக்குக் கதை சொல்லிச் சிரிக்கவைக்கிற மனிதர், எனக்குக் கையைக் கவிழ்த்துச் சோறு போதும் என்கிறார். அவர் இலையில் பாயசத்தைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பீரோவிலிருந்து அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கோபத்தில்தான் எடுத்தேன். ஊரே சிரித்ததாமே, எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். தேடினேன், கிடைக்கவில்லை. ஏப்பம் அதே ஏப்பம்தான். ஆனால் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது.

பைண்டு செய்கிறவர்கள் ஓரத்தைக் கத்தியால் வெட்டிச் சமமாக்குவார்கள். கீழ் ஓரத்தில் கத்தி கொஞ்சம் உள்ளே தள்ளி விழுந்திருந்தது. "தொடரும்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்திருக்கிறது. அது வெட்டுப்பட்டுப் போய், எழுத்துகளின் மேல்நுனி மட்டும் மயிரிழை மயிரிழையாகத் தெரிந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். உடம்பு போய்விட்டாலும் புள்ளிகளும் மேல்சுழிகளும் தப்பித்திருந்தன. ஒரு புள்ளி, தள்ளி ஒரு சுழி, உடனே ஒரு புள்ளி. இடைவெளி. மறுபடி ஒரு சுழி, ஒரு புள்ளி. மாத நாவலில் கைரேகையை வைத்துக் கொலைகாரனைப் பிடித்தவளுக்கு இது பெரிய காரியமா? ஒரு தாளில் எழுதி எழுதிப் பொருத்திப் பார்த்தேன். "அடுத்த வாரமும்" பொருந்தவில்லை. "அடுத்த இதழில் முடியும்" என்று எழுதியபோது புள்ளியும் சுழியும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

அந்தப் பக்கத்தின் பின்புறம் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம், கடைசி வாரம் என்று போட்டு. எங்கள் கல்யாணம் ஆவணி பிறந்து வந்த முதல் முகூர்த்தம்.

அவர் வந்ததும் சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை. "கல்யாணத்து வாரம் நீங்க பத்திரிகை வாங்குனீங்களா?" என்றேன்.

யோசித்தார். "வாங்கலே. அதுக்கு மறுவாரம் வாங்குனேன். கதையக் காணல. வேற கதை போட்டிருந்தான்."

"சரி, அதுக்கு முந்துன வாரத்தத கிழிச்சு வச்சீங்களே, இந்தப் பக்கம், இத அப்பவே படிச்சீங்களா?"

"கல்யாணப் பத்திரிகை வைக்க ஊர் ஊரா அலஞ்சோமே, எங்க படிக்க? கிழிச்சு வச்சேன். பைண்டு ஆகி வந்த பொறவுதான் படிச்சேன்." பிறகு என்ன தோன்றியதோ, பேசினார். "அதான் சிரிப்பே. பறக்கவே பறக்காத கட்டிலு. அதுக்கு முடியவே முடியாத கதை. கடைசியில தொடரும்னு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான் பாரு, எம்புட்டு கெட்டிக்காரன்! மில்லுல இதச் சொன்னப்ப எல்லாவனும் விழுந்து விழுந்து சிரிச்சான். நீ அந்த இடத்துக்குச் சிரிப்பேன்னு நினைச்சேன்."

எவ்வளவு நீளமான பேச்சு! அதை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, நான் சொல்லப்போவது இதைத்தான் உடைக்கப்போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னேன். ஓரத்தைக் காட்டினேன். நான் எழுதிப் பார்த்த தாளை அதற்குக் கீழே வைத்தேன். அவர் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் கல்யாண வேலையில் கதையின் முடிவைத் தவறவிட்டுவிட்டார் என்பது அவருக்கு உறைத்துக்கொண்டிருந்தது. இனி வீட்டில் பேச்சு அவ்வளவுதான், நானே என் கையால் பூட்டு போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் தலையைத் தூக்கினார். "அப்ப... பறந்திருக்குமோ?" என்று கேட்டார்.

சோறு, தண்ணீர், அன்றைய "எப்பிடி இருக்கு?" தவிர அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. "எனக்கு என்ன தெரியும்? உங்களுக்கு என்ன தோணுது?" என்றேன். சமையல்கட்டு வாசல்வரை வந்து நின்றுகொண்டு, பறந்தால் என்ன ஆகும், பறக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைசி இதழைத் தேடிப்போவது எங்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. ராஜபாளையத்துப் பழைய பேப்பர் கடைகளை முடித்துவிட்டு வில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவோம். அங்கே ஒரு பாய் கடை. கட்டுக் கட்டாகப் பழைய பத்திரிகைகள் கூரைவரைக்கும் அடுக்கியிருக்கும். ஆவணி மாசத்துப் புத்தகம் இருக்கிறதா என்று முதல் தடவை கேட்டபோது, "நான் எடைக்கு வாங்குதேம்மா, மாசத்துக்கு வாங்கலியே. நீங்களே உக்காந்து பாருங்க" என்று பலகையை எடுத்துப் போட்டார். அப்புறம் எங்களைத் தெருமுனையில் கண்டாலே, "கட்டில் ஆப்புட்டுச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். தெருவில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு வாடகை நூலகத்தில் அந்த இதழ் கிடைத்தே விட்டது. அவர் வேகவேகமாகப் புரட்டினார். சரியாக அந்தப் பக்கங்களை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். பைண்டு செய்வதற்காகத்தான், ஸ்கேல் வைத்து ஒழுங்காகக் கிழித்திருந்தார்கள். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். "நம்மாளு ஒருத்தன் இங்கயும் இருக்கான்" என்று சந்தோஷப்பட்டார்.

பஸ்ஸில்தான் அவர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். முதலிலிருந்து. இதற்கும் அதே வேகம்தான், பஸ் மடவார் வளாகத்துக்கு வரும்போது மந்திரிசபை கூடியிருக்கும், ராஜபாளையத்தில் இறங்கும்போதும் கலைந்திருக்காது. நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது பூதம் லீவு கேட்கிற இடம் வந்தது. கால்பக்கம் தூக்க மாட்டேன், கையில் ரத்தக்கட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறது என்று பூதம் சொல்கிறது. எந்த டாக்டர் என்று மந்திரி கேட்கிறார். அதை அவர் மில் மானேஜர் குரலில் கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்து அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். நாலாவது பூதம் லீவே கேட்கவில்லை. அது பாட்டுக்குக் கால்பக்கம் போய் நின்றுவிட்டது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் வேண்டுமென்று சேர்த்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. வாரம் முழுக்க மனசில் போட்டு வைத்திருந்ததில் தானாக வந்து சேர்ந்திருக்கும். எழுத்தாளருக்கு வராதது இவருக்கு வந்தது என்று வைத்துக்கொண்டேன்.

வருஷங்கள் ஓடின. பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு டிவி வந்தது. அவர் ஒன்றும் வாயாடியாகிவிடவில்லை, கை இன்னும் கவிழத்தான் செய்தது. ஆனால் கைகழுவிவிட்டு வந்து, மில்லில் நடந்ததைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொல்வார். தேடல் குறைந்து, பாய் கடைக்குப் போவதும் நின்றுபோயிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி போட்டார்கள். பிள்ளைகளோடு போயிருந்தோம். அவர் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அடுத்த மேஜையில் அதைப் பார்த்தேன். அந்தத் தொடர்கதை கெட்டி அட்டையோடு புத்தகமாக வந்திருந்தது. அட்டையில் கட்டில் மேகத்துக்கு நடுவில் பறந்துகொண்டிருந்தது. அட்டைப்படம் போட்டவருக்கு இத்தனை அவசரமா என்று நினைத்துக்கொண்டு, நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன்.

அதைப் போல மோசமான அத்தியாயத்தை நான் படித்ததில்லை. அத்தனை வாரம் தரையில் கிடந்த கட்டில் ஒரே பத்தியில் கிளம்பி, பறந்து, இறங்கிவிடுகிறது. விருந்து முடிந்துவிட்டது. ராஜாவுக்கு ஞானம் வருகிறது. சோம்பல் கூடாது என்று பூதங்களுக்குப் புத்திமதி சொல்கிறார். அந்த நாட்டு இளவரசியைக் கல்யாணம் செய்துகொள்கிறார். இவ்வளவும் நாலு பக்கத்தில். பத்திரிகைக்காரர்கள் முடிக்கச் சொல்லி நெருக்கியிருக்க வேண்டும். இத்தனை நாள் இழுக்கிறார் என்று திட்டியவளுக்கு, இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாமே என்றிருந்தது. இதையா இவர் வருஷக்கணக்காகத் தேடினார் என்று நினைத்து வயிறு எரிந்தது.

வாங்காமல் வந்திருக்கலாம். வாங்கினேன்.

வீட்டில் காட்டியதும் அவர் வெகுநேரம் அட்டையையே பார்த்தார். அப்புறம் திருப்பிக் கொடுத்து, "கடைசி அத்தியாயத்த மட்டும் நீ படி. நான் கேக்கேன்" என்றார். அந்தக் கட்டிலிலேயே சாய்ந்து படுத்துக்கொண்டார். அப்பாவின் வேங்கைக் கட்டில் ஒரு முனகலும் போடவில்லை.

நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கட்டில் பறந்தது என்று படித்தேன். அவர் கண்ணைத் திறந்து, "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். புத்திமதி வந்தது. கல்யாணம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். முதல் தடவை நான் நல்லாவே இல்லை என்று சொன்ன அன்று விழுந்த அதே முகம் விழுந்துகொண்டிருந்தது. டீ டைமில் அவ்வளவு பேரை அவர் சிரிக்கவைத்தது, பஸ்ஸில் என்னைச் சிரிக்கவைத்தது எல்லாம், இந்த நாலு பக்கத்தோடு முடிந்துபோகிறதே என்று நினைத்தபடியே பக்கத்தைத் திருப்பினேன்.

கடைசி வரியைப் படித்தேன். அதற்குக் கீழே தனியாக, நடுவில், "முற்றும்" என்று போட்டிருந்தது.

"தொடரும்" என்று படித்தேன்.

அவர் அசையாமல் கிடந்தார். அப்புறம் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "படுபாவி! கடைசியிலயும் ஏமாத்திட்டான் பாரு!" என்று எழுந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். நான் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நீட்டின கையைக் கவிழ்த்து, போதும் என்று காட்டினார்.

நானும் சிரித்தேன். அந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான், அதுவும் அதில் இல்லாத ஒரு வார்த்தைக்கு.